கோவிலம்பாக்கம் வழியாக மானாமதுரை

லக்ஷ்மிநாராயணன் ஒரு கலையைக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தார். சேலையூரில் யாரும் அசையவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் டைப்ரைட்டிங் கற்றார். இரண்டாவது வரிசை எழுத்துக்கு வருவதற்குள் இன்ஸ்டிட்யூட் பக்கம் போவதை நிறுத்தினார். ஹிந்தி கற்றார். 'நான் போகிறேன்' என்ற பாடம் வந்தது. போய்விட்டார். மிருதங்கம் கற்றார், மூன்றாம் வாரம் தோல் கிழிந்தது, நாலாம் வாரம் வாத்தியாரின் பொறுமை கிழிந்தது. கொல்லையில் தேனீ வளர்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் விடுவதற்கு முன்னால் எதிர்த்தரப்பு விட்டுப் போனது.

கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். வயது நாற்பத்தெட்டு. காலனியில் எல்லோருக்கும் அவர் லச்சு சார். ஓர் இடத்தில் இருப்பு கொள்ளாது. பேப்பரைக்கூட நடந்துகொண்டேதான் படிப்பார். தலையங்கம் படிக்கும்போது ஹாலில் இருப்பார். கிரிக்கெட் படிக்கும்போது வாசலில் இருப்பார். இரங்கல் விளம்பரம் வரும்போது கொல்லையில் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரே பெண் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு வீட்டில் இடம் அதிகமாகிவிட்டது. அவருக்கு நடை இன்னும் கூடிவிட்டது.

உண்மையில் இந்தக் கலை யோசனை அவருடையது அல்ல. அவர் மனைவி சுந்தரவல்லியுடையது. மூன்று வாரமாக ஒரு மஞ்சள் நோட்டீஸ் ரேடியோவுக்கு அடியில் இருந்தது. குரோம்பேட்டையில் கைத்திறன் வட்டம் என்று ஒன்று. அவர்கள் நடத்தும் பத்து நாள் பயணம். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி, மதுரையில் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுதல், மானாமதுரையில் மண்பானை. நெசவாளி, குயவர் வீடுகளிலேயே தங்கி, அவர்களோடு உட்கார்ந்து செய்தே கற்றுக்கொள்ளலாம். 1989ஆம் வருஷத்து மே மாத வெயிலில் யார் போவார்கள் என்று லச்சு சார் நினைத்திருந்தார்.

"ஏன்னா, நாளைக்குள்ள பேர் குடுக்கணுமாம்."

"எதுக்கு?"

"மூணு வாரமாச் சொல்லிண்டிருக்கேனே. அந்தப் பயணத்துக்கு."

"பத்து நாள் நீ போயிட்டா வீடு என்ன ஆறது?"

"வீடு இங்கேயேதான் இருக்கும். அது ஒண்ணுதான் இந்தாத்துல ஒரே இடத்துல இருக்கு."

"காபி?"

"டிகாக்‌ஷன் எப்படி இறக்கறதுன்னு காகிதத்துல எழுதி வெச்சுட்டுப் போறேன்."

"முன்னப்பின்ன தெரியாத ஊர். முன்னப்பின்ன தெரியாத தறி. முதல்ல ஒரு ஆம்பளை போய்ப் பாத்துட்டு வரணும்."

"எந்த ஆம்பளை?"

லச்சு சார் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் ஒருவர்தான் இருந்தார். மறுபடியும் நோட்டீஸை எடுத்துப் படித்தார். பஸ், ரயில், மூன்று ஊர், பத்து நாள். படிக்கப் படிக்க அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைச் சுந்தரவல்லி ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். தேனீப் பெட்டி வாங்கும்போது வந்த அதே வெளிச்சம்.

"நானே போறேன்! நான் கத்துண்டு வந்து உனக்குச் சொல்லித் தரேன். உனக்கு அலைச்சல் மிச்சம்."

சுந்தரவல்லி நோட்டீஸை வாங்கி மடித்தாள். "சரி" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே பயந்திருப்பார். லச்சு சார் பஸ் நேரம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே பெட்டி அடுக்கினாள். கடைசியில் பீரோவிலிருந்து ஒரு வெள்ளை மல் துணியை எடுத்தாள். ஆறு கஜம். இந்தப் பயணத்துக்கென்றே வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"இதுல முடிச்சுப் போட்டு, சாயம் தோய்ச்சுக் கொண்டு வாங்கோ. சிவப்பு."

லச்சு சாருக்கு நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. 'நீயே போயேன்' என்று சொல்லலாம் என்று வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. காஞ்சிபுரம். பயணத்தில் பதினோரு பெண்கள், ஒரே ஆண். தலைவி கனகவல்லி மேடம், ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர். ரிட்டயர் ஆகும்போது பள்ளிக்கூடத்தை விட்டுவந்தாரே தவிர, விசிலை விடவில்லை.

"எல்லாரும் தறிக்கு ஒருத்தரா உக்காருங்க! மத்தியானம் சாப்பாடு வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது!"

லச்சு சார் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்தது ஜெயவேலு என்ற நெசவாளியின் தறி. தரையில் ஒரு குழி. குழிக்குள் காலை விட்டு, மிதியில் பாதத்தை வைத்து உட்கார வேண்டும். எதிரே ஆயிரக்கணக்கில் பட்டு இழைகள் நீளவாக்கில் விறைப்பாக நின்றன. அதற்குப் பாவு என்று பெயர். குறுக்கே நூலை எடுத்துக்கொண்டு ஓடும் மரக்கட்டை, நாடா.

"இன்னா சார், கயித்த இஸ்து வுடுங்க. நாடா அதுவா ஓடும். கால மாத்தி மாத்தி மிதிங்க."

"இப்படி உக்காந்து ஒரு புடவை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? பதினெட்டு நாளு ஆவும் சார்."

"பதினெட்டு நாளும் இதே குழியிலயா?"

"பின்ன, நாளுக்கு ஒரு குழியா வெட்டுவாங்க?"

லச்சு சார் இழுத்தார். நாடா ஓடியது. இன்னொரு தரம் இழுத்தார். துணி ஒரு நூல் அளவு வளர்ந்தது. பத்து நிமிஷம் கழித்து அளந்து பார்த்தார். கட்டை விரல் நகத்தைத் தாண்டவில்லை. பக்கத்துத் தறியில் பல்லாவரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், பிறந்ததிலிருந்தே குழிக்குள் இருப்பவள் மாதிரி டக் டக்கென்று நெய்துகொண்டிருந்தாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கே போகிறதோ! லச்சு சாருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறியது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பலம் கொண்ட மட்டும் ஒரு இழுப்பு இழுத்தார்.

நாடா ஓடவில்லை. பறந்தது. பாவுக்குள் மூக்கை நுழைத்து, நாற்பது இழைகளை அறுத்து, வெளியே பாய்ந்து, ஜெயவேலுவின் டீ கிளாஸில் போய் உட்கார்ந்தது.

ஜெயவேலு கிளாஸைப் பார்த்தார். தறியைப் பார்த்தார்.

"சார், தறியில உக்காருன்னா தறிகெட்டு உக்காந்துகினு கீறியே!"

"மன்னிச்சிடுங்கோ. இப்ப என்ன பண்றது?"

"இன்னா பண்றது? அறுந்த நூல ஒண்ணொண்ணா எடுத்து முடியணும். பொயுது சாயறதுக்குள்ள முடிச்சா நீ கெட்டிக்காரன்."

லச்சு சார் நாலு இழைகளை முடிந்தார். ஐந்தாவது இழையைத் தேடும்போது வெளியே 'தாம்பரம், பல்லாவரம், பாரீஸ்' என்று ஒரு கண்டக்டரின் குரல் கேட்டது. கனகவல்லி மேடம் அந்தக் கோடியில் யாரையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு டீ குடிச்சுட்டு வரேன்" என்று ஜெயவேலுவிடம் சொன்னார். "உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரேன்."

ஜெயவேலுவுக்கு அந்த டீ வரவேயில்லை.

பஸ் வாலாஜாபாத் தாண்டிய பிறகுதான் லச்சு சாருக்குப் புத்தி வந்தது. பெட்டி காஞ்சிபுரத்தில் இருந்தது. அது போகட்டும். வீட்டுக்குப் போனால் சுந்தரவல்லி என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது. டைப்ரைட்டிங்கைப் பாதியில் விட்டபோது, மிருதங்கத்தை விட்டபோது எல்லாம் சிரித்தாள். ஆனால் இந்தப் பயணத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அல்லவா வந்திருக்கிறார்! அதுவும் முழுசாக ஒரு நாள்கூடத் தாங்காமல்!

தாம்பரம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். பல்லாவரத்தில் இறங்கி, கீழ்க்கட்டளை வழியாக நடந்து, சாயங்காலம் கோவிலம்பாக்கத்தில் ஆபீஸ் நண்பர் கிட்டுவின் வீட்டு வாசலில் போய் நின்றார். கிட்டு அங்கே புதிதாக வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் வயல், நடுவில் கிட்டு. ஒளிவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

"பத்து நாளா?" என்றார் கிட்டு.

"ஒன்பதே முக்கால் நாள்தான். நான் இருக்கறதே தெரியாதுடா."

கிட்டுவின் மனைவி காந்திமதிக்குப் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. லச்சு சார் ஹாலில் நடந்தார். முன்னால் பதினாலு அடி, திரும்பினால் பதினாலு அடி. பிறகு சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் ஸ்லோ என்று கண்டுபிடித்து அதைக் கழற்றினார். மாட்டியபோது பின்னோக்கி ஓடியது. சட்னி அரைக்கும்போது மிக்சி சத்தம் சரியில்லை என்று சொல்லி அதையும் பிரித்தார். திரும்பப் பூட்டியதும் இரண்டு ஸ்க்ரூ மிச்சம். அதுதான் லாபம் என்றார். காந்திமதி அம்மியைத் தேடினாள்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு எங்கேயோ வெளியே போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து ஒரு மாதிரி சாந்தமாக இருந்தாள். லச்சு சார் டேபிள் ஃபேனைத் தொட்டபோதுகூடக் கோபிக்கவில்லை. "பண்ணுங்கோ மாமா, பண்ணுங்கோ. சனிக்கிழமை வரைக்கும்தானே" என்றாள்.

"சனிக்கிழமையா? அடுத்த புதன் வரைக்கும்மா."

"ஆமாமா, மறந்துட்டேன்" என்று சிரித்தாள். நல்ல பெண், கணக்குதான் வரவில்லை என்று லச்சு சார் நினைத்துக்கொண்டார்.

வெளியே போக வழியில்லை. ஒரு தடவை வயல் வரப்பில் உலாவப் போனார். சேலையூர் பால்காரர் சைக்கிளில் மேடவாக்கம் பக்கம் போவது தெரிந்தது. வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது தடவை பெரும்பாக்கத்துக்கு மனை பார்க்க வந்த காலனி செக்ரட்டரி எதிரில் வந்தார். மறுபடியும் அதே வாய்க்கால். பத்து நாள் ஊரெல்லாம் சுற்றப் புறப்பட்டவர் பதினாலு அடி ஹாலுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். தறிக் குழியே தேவலை என்று தோன்றியது. அங்கே டீயாவது கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரால் முடியவில்லை. வீடு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் போல இருந்தது. கிட்டுவின் சைக்கிளை எடுத்தார். அடையாளம் தெரியாமலிருக்கக் கிட்டுவின் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டார். கத்திரி வெயிலில் மங்கி குல்லா போட்ட ஓர் ஆளைச் சேலையூர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தெருவுக்குள் நுழைந்தார். வீட்டைப் பார்த்தார். பிரேக் பிடித்தார்.

வாசல் கதவில் பூட்டு.

கோயிலுக்குப் போயிருப்பாளோ? கோலம் மூன்று நாளாகப் போடப்படவில்லை. கேட்டில் மூன்று நாள் பேப்பர் சொருகியிருந்தது. துளசிக்கு மட்டும் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். லச்சு சாருக்குக் குல்லாவுக்குள் வியர்வை சில்லென்று ஆனது. பக்கத்து வீட்டு எலியேசர் சார், ரிட்டயர்டு ரயில்வே கார்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். காலனிக்கே அவர் வீட்டில்தான் ஃபோன். அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் எப்படிக் கேட்பது? லச்சு சார்தான் மதுரையில் அல்லவா இருக்கிறார்!

அன்று இரவு அவர் ஹாலில் நடக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். கிட்டு பயந்துபோய்விட்டார்.

சனிக்கிழமை காலை கிட்டுவைத் துப்பறிய அனுப்பினார். கிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"எலியேசர் சாரைக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'லச்சு சார் போன இடத்துக்கே போறேன்னு சொல்லிட்டுச் செவ்வாய்க்கிழமையே போயிட்டாங்களே'ன்னார்."

"நான் போன இடத்துக்கா? நான் இங்கேன்னா இருக்கேன்!"

"நீ போனதா அவ நினைச்சிண்டிருக்கற இடத்துக்கு."

லச்சு சார் தூணைப் பிடித்துக்கொண்டார். பாவம், ஆசையாக அவரைத் தேடிப் போயிருக்கிறாள்! காஞ்சிபுரத்துக்குப் போயிருப்பாள், அங்கே அவர் இல்லை. மதுரைக்குப் போயிருப்பாள், அங்கேயும் இல்லை. முன்பின் தெரியாத ஊரில் தனியாகப் பஸ் ஸ்டாண்டில் அவள் நிற்கிற மாதிரி ஒரு படம் மனசில் வந்தது. அந்தப் படத்தில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அதனால் பயம் இரட்டிப்பானது.

"நாளைக்கு அவா எல்லாரும் மானாமதுரையில இருப்பா. ராமேஸ்வரம் வண்டியைப் பிடிச்சா காலம்பர நானும் அங்கே இருப்பேன்" என்றார்.

"போய் என்ன சொல்லுவே?"

"அதை வண்டியில யோசிச்சுக்கறேன்."

காந்திமதி அதற்குள் புளியோதரைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் யாருக்கும் புளியோதரை கட்டியதில்லை.

வண்டியில் லச்சு சார் கதை நெய்தார். செங்கல்பட்டு வரை: திடீர்க் காய்ச்சல், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. ஆனால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பாளே! அறுத்தார். விழுப்புரம் வரை: கம்பெனியிலிருந்து தந்தி, அவசர ஸ்டாக் சரிபார்ப்பு. கம்பெனிக்கு அவர் காஞ்சிபுரத்தில் இருப்பது எப்படித் தெரியும்? அறுத்தார். திருச்சி வரை: பஸ் கண்டக்டர் ஒருவர் கடத்திக்கொண்டு போனார். ஏன்? அறுத்தார். மானாமதுரையில் இறங்கும்போது அவர் கையில் ஒரு முழக் கதைகூட இல்லை.

குயவர் தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சோணைமுத்து வேளார் வீட்டு முற்றத்தில் பதினோரு பெண்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை மண். ஒரு கொடியில் புடவைகள் காய்ந்தன. அதில் ஒன்று, அவர் பெட்டியோடு காஞ்சிபுரத்தில் விட்டு வந்த அதே ஆறு கஜ மல் துணி. சிவப்பு. சிவப்பின் மேல் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நகத்தால் கிள்ளி, நூல் சுற்றிப் போட்ட ஒரு முடிச்சு. வாழ்க்கையில் மூன்றே முடிச்சோடு நிறுத்திக்கொண்டவருக்கு அதைப் பார்த்தவுடனே தலை சுற்றியது.

பன்னிரண்டாவதாகச் சக்கரத்தின் முன்னால் சுந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள்.

அவள் கைக்குள் மண் எழும்பிக்கொண்டிருந்தது. கழுத்து வைத்தது. வயிறு வைத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லச்சு சார் வாசலில் நின்றதோ, கோழி ஒன்று அவர் செருப்பைக் கொத்தியதோ எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் பாலைப் பார்த்தால் அவர் ஒன்று கேட்பார். பூ தொடுத்தால் அவர் குறுக்கே நடப்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு காரியத்தை முழுசாகச் செய்ய அவர் அவளை விட்டதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேளார் நூலால் பானையின் அடியை அறுத்து எடுத்தார். "நல்லா வந்திருக்கு தாயி" என்றார். சுந்தரவல்லி நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்தாச்சா? காலை நன்னா தேய்ச்சு அலம்பிண்டு வாங்கோ."

லச்சு சாருக்கு உயிர் வந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாள்! விசாரணை இல்லை! ஓடிப்போய்க் காலை அலம்பிக்கொண்டு வந்தார். "இலை எங்கே போட்டிருக்கு?"

"இலையா? மண்ணு அங்கே கொட்டியிருக்கு" என்று விசிலும் கையுமாக வந்தார் கனகவல்லி மேடம். "வேளாருக்கு மூட்டு வலி. வாங்க சார், ஏறுங்க!"

முற்றத்து மூலையில் ஊறவைத்த கண்மாய் மண் மாட்டு வண்டி அளவுக்குக் குவிந்திருந்தது. அதில் ஏறி, குதிகாலால் வட்டமாக மிதித்து மிதித்து, கல் தட்டுப்பட்டால் குனிந்து எடுத்துப் போட்டு, வெண்ணெய் மாதிரி ஆக்க வேண்டும். அப்புறம்தான் சக்கரத்துக்குப் போகும்.

"மிதிங்க அய்யா, நல்லா மிதிங்க" என்றார் வேளார், கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு. "அங்கிட்டு ஒரு சுத்து, இங்கிட்டு ஒரு சுத்து. ஆளு சும்மா நிக்கிற ஆளா தெரியல. ஆண்டவன் பாத்து அனுப்பியிருக்கான்."

ஞாயிறு மிதித்தார். திங்கள் மிதித்தார். பதினோரு பெண்களும் சுந்தரவல்லியும் பானை, சட்டி, பூந்தொட்டி என்று போட்டுத் தள்ளினார்கள். மண் தீரத் தீர ஆளுக்கு ஒரு திசையிலிருந்து குரல் வந்தது.

"லச்சு சார், எனக்குக் கொஞ்சம் இளக்கமா!"

"சார், இதுல ஒரு கல் இருக்கு, பாத்து மிதிக்கக் கூடாதா?"

"தறியிலதான் ஓடிட்டீங்க. இங்கே ஓடினாலும் மண்ணுக்குள்ளதான் ஓடணும்!"

லச்சு சார் குனிந்து கல்லை எடுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு விஷயம் கவனித்தார். அவர் ஒரே இடத்தில் மூன்று மணி நேரமாக இருந்திருக்கிறார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அதைவிட ஆச்சரியம், சுந்தரவல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எங்கே இருந்தேள்' என்று இல்லை. 'ஏன் ஓடிப் போனேள்' என்று இல்லை. வேளைக்குச் சாப்பாடு போட்டாள். ராத்திரி குதிகாலுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள். கேட்காமலிருப்பது அவரைக் குடைந்தது. சமயத்தில் அவரே நூல் விட்டுப் பார்த்தார்.

"கோவிலம்பாக்கத்துலகூட இப்பல்லாம் நல்ல மழையாம்" என்றார் ஒரு தரம்.

"மே மாசத்துலயா?" என்றாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை சூளை பிரித்தார்கள். சுந்தரவல்லியின் பானைகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது லச்சு சாருக்கும் ஏனோ நெஞ்சு நிறைந்தது. அதில் பாதிச் சத்தம் தன் காலுடையது என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும் வண்டியில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சுந்தரவல்லி சிவப்புச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் வைக்கோல் சுற்றிய பானை. விடிந்து, வண்டி செங்கல்பட்டைத் தாண்டியது. லச்சு சாரால் பொறுக்க முடியவில்லை. தாம்பரத்தில் இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"சுந்தரம், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"நான் ஆறு நாளா கோவிலம்பாக்கத்துல, கிட்டு ஆத்துல ஒளிஞ்சிண்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா! எப்போ?"

"நீங்க போன மறுநாள் காலம்பரவே. காந்திமதி அழுதுண்டே வந்தா. 'மாமி, மாமா எங்காத்துல இருக்கார். கடிகாரம் போச்சு, மிக்சி போச்சு. எப்ப அழைச்சிண்டு போவேள்?'னு."

"நீ என்ன சொன்னே?"

"'நான் ஊருக்குக் கிளம்பறேன். சனிக்கிழமை வரைக்கும் வெச்சுக்கோ. பூட்டைப் பாத்தார்னா தானா புறப்படுவார்'னேன்."

லச்சு சார் வாயைப் பிளந்தார். வண்டலூர் போனது தெரியவில்லை.

"அப்போ எலியேசர் சார் சொன்னது?"

"யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. அத்தனையும் அவரை வரவழைக்கத்தான்! ஓடிப்போன புருஷன் மேல் ஒரு துளிக் கோபம் இல்லை. அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள்! லச்சு சார் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுந்தரம், நான் இல்லாம உனக்கு அங்கே அவ்வளவு ஏக்கமா இருந்துதா?"

சுந்தரவல்லி பானையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தாம்பரம் வந்துவிட்டது.

"மண் மிதிக்கன்னு இருந்த ஒரே ஆம்பளையும் ஓடிட்டார்னு கனகவல்லி மேடம் ஃபோன்ல புலம்பினா. கையோட அனுப்பி வைக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.